தலைமயிரின்மேல் உள்ள பற்றும் திருச்சபையின் தீர்ப்பும்

திருச்சபை வரலாற்றைக் கற்போர் விசுவாசப்பிரமாணங்கள், ஆலோசனைச் சங்கங்கள், பிரிவினைகள் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் கருத்தைச் செலுத்துகின்றனர். மனிதனுடைய தலைமயிரைக் குறித்துச் சபை எடுத்த தீர்மானங்களுக்கு வரலாற்று நூல்களில் சில வரிகளே ஒதுக்கப்படுகின்றன. ஆயினும், 17ஆம் நூற்றாண்டில் மதுரைக் கிறிஸ்தவர்களின் குடுமியைப் பற்றிய வழக்கு ரோமாபுரி வரையிலும் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் அதே குடுமி தென்னிந்தியப் புரோட்டஸ்டண்டு மிஷனெரிமாரைப் பிரித்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பூர்வகுடிச் சிறுவரின் நீண்ட கூந்தல், கிறிஸ்தவக் கல்வியின் பெயரால் வெட்டப்பட்டது. இவ்வழக்குகளில் வாதாடியோர் மயிரின் பொருளைக் குறித்து மிகுதியாகப் பேசினர். அதை உடையவன் அதன்மேல் வைத்திருந்த பற்றைக் குறித்துச் சிலரே சிந்தித்தனர். அப்பற்றை மனத்திற்கொண்டு இவ்வரலாற்றை மீண்டும் நோக்குவதே நமது கருத்தாகும்.

1. வேதாகமம் காட்டும் வேறுபாடு

வேதாகமம் மயிரை அற்பமாக எண்ணுவதில்லை. அப்சலோம் ஆண்டுதோறும் சிரைத்த தலைமயிரின் நிறை இருநூறு சேக்கல் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் குறித்து வைத்துள்ளது. அம்மோன் அரசனாகிய ஆனூன் தாவீதின் ஊழியக்காரரைப் பிடித்து, அவர்களுடைய தாடியில் ஒரு பாதியைச் சிரைத்து அனுப்பினான். தாவீது அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ‘இது மயிர்தானே’ என்று நகைக்கவுமில்லை. தாடி வளருமட்டும் எரிகோவில் தங்கியிருக்கும்படி சொல்லியனுப்பினான். தன் மக்களின் நாணத்தை அறிந்த அரசனின் செயல் இது.

இதற்கு எதிர்ப்புறத்தில் நசரேயனின் பொருத்தனை நிற்கிறது. எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தின்படி, விரத நாட்கள் நிறைவேறியபின் அவன் தன் தலையைச் சிரைத்து, அம்மயிரைச் சமாதான பலியின் கீழுள்ள அக்கினியில் போடவேண்டும். அப்போஸ்தலனாகிய பவுலும் ஒரு பொருத்தனையின் நிமித்தம் கெங்கிரேயாவில் தலைச்சவரம் பண்ணிக்கொண்டான். இரண்டிலும் சவரகன் கத்தி ஒன்றே. ஆனால் தானாகக் கொடுப்பவனுக்கு அது காணிக்கை. பிறர் வலிந்து எடுத்தால் அது அவமானம். இவ்வேறுபாட்டை மறந்தமையே பின்வந்த பிழைகளுக்கு வேராயிற்று என்று நாம் கருதுகிறோம்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் ஆண்கள் மயிரை நீள வளர்ப்பதைக் கனவீனம் என்று கூறுகிறதே என வினவலாம். அவ்வதிகாரத்தில் பவுல் இயற்கை, வழக்கம், சபைகளின் முறைமை ஆகியவற்றைச் சான்றாக அழைக்கிறான். கொரிந்து பட்டணத்துச் சபையின் ஒழுங்கே அவன் முன்னிருந்த பொருள். ஒரு நாட்டின் வழக்கத்தைச் சான்றாகக் கொண்டு பேசிய அப்போஸ்தலனை, வேறொரு நாட்டின் வழக்கத்தை அழிக்கும் ஆயுதமாக்குதல் அவன் கருத்துக்கு ஒவ்வாது. நம் திருவள்ளுவரும் கூடாவொழுக்கத்தைக் கடியும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், உலகம் பழிப்பதை ஒழித்தவனுக்கு மொட்டையும் சடையும் வேண்டியதில்லை என்றே முடித்தார்.

2. ரோமாபுரிக்குச் சென்ற குடுமி

ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற உயர்குலத்தார் பூணூலையும் குடுமியையும் களையவில்லை. அவை குலத்தையும் நிலையையும் காட்டும் அடையாளங்களேயன்றி விக்கிரக ஆராதனையின் அடையாளங்களல்ல என்பது நொபிலியின் வாதம். அவருடன் மதுரையிலிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார் இதனை வன்மையாக எதிர்த்தார். வழக்கு கோவாவில் 1619-இல் கூடிய மாநாட்டில் பேசப்பட்டு, பின் ரோமாபுரியை அடைந்தது.

பாப்பு பதினைந்தாம் கிரகோரியார் 1623 ஜனவரி 31-ஆம் நாள் விடுத்த தீர்ப்பில் பூணூலையும் குடுமியையும் அனுமதித்தார். மூட ஆசாரங்கள் எதுவும் அவற்றோடு கலவாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அத்துடன், உயர்குலத்தார் தாழ்ந்தோரை, குறிப்பாக ஆலயத்தில், இகழாதிருக்க வேண்டுமென்றும் அவர் மன்றாடிக் கேட்டுக்கொண்டார்.

இத்தீர்ப்பில் ஒரு வலிமையும் ஒரு குறையும் உள்ளன. தலையில் இருப்பதை விட்டுவிட்டு உள்ளத்தில் இருப்பதைக் கேட்டமை வலிமை. ஆனால் மயிருக்கு நிபந்தனை விதித்தவர், அயலானை இகழ்வதற்கு வேண்டுகோள் மாத்திரமே விடுத்தார். அடுத்த நூற்றாண்டுகளில் நம் சபைகளை அரித்தது குடுமியல்ல, அவ்விகழ்ச்சியே.

3. கால்டுவெல் எழுப்பிய குரல்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த மிஷனெரிமார் சாதியை முன்னோரினும் கண்டிப்புடன் நோக்கினர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதி வேறுபாடுகள் சபையினின்று முற்றிலும் அகற்றப்படவேண்டுமென்று கட்டளையிட்டார். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடும் அவ்வாறே தீர்மானித்து, பிற சாதியார் சமைத்ததை உண்பதை அதற்குச் சோதனையாக வைத்தது. லைப்சிக் மிஷனார் இதற்கு உடன்படவில்லை. இக்கண்டிப்பின் தொடர்ச்சியாகவே, குடுமியும் சாதிக்கும் புறசமயத்துக்கும் உரிய சின்னம், அதனை வெட்டாதவன் முழு மனந்திரும்புதல் அடையாதவன் என்னும் கருத்து மிஷனெரிமார் சிலரிடையே வலுத்தது.

அவ்வேளையில் இடையன்குடியில் ஊழியம் செய்த ராபர்ட் கால்டுவெல் 1867-இல் குடுமியைக் குறித்து ஒரு சிறு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்த அறிஞர், இப்போது ஒரு மயிர்க்கற்றையை ஆராய்ந்தார் என்பது சிலருக்கு நகைப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவர் கண்ட சிக்கல் சிறியதன்று. குடுமி தன்னிலே சமயச் சின்னமன்று. இந்நாட்டாரின் நடையுடை வழக்கங்களில் ஒன்று. மயிரை வைக்கும் முறை இந்நாட்டிலும் காலந்தோறும் குலந்தோறும் மாறியே வந்துள்ளது என்று அவர் வாதிட்டார். சுவிசேஷம் கேளாத ஒன்றைச் சுவிசேஷத்தின் நிபந்தனையாக்கலாகாது என்பதே இதனால் பெறப்படுவது.

சாதியை எதிர்த்தோரின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. அவர்கள் கண்ட நோய் மெய்யான நோய். எனினும் இரு சோதனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பந்தியில் ஒருங்கே அமர்ந்து உண்பவன் தன் பெருமையை இழக்கிறான். அவ்விழப்பினால் அவன் அருகில் அமர்ந்தவன் ஒரு சகோதரனைப் பெறுகிறான். குடுமியை வெட்டுபவனும் ஒன்றை இழக்கிறான். ஆனால் அதனால் அயலான் பெறுவது யாதுமில்லை. குடுமியில்லாத தலையோடு, சேரிக் கிறிஸ்தவனின் கையிலிருந்து தண்ணீர் வாங்க மறுப்பது இயலக்கூடிய காரியமே. சாதியின் புண் பந்தியிலும் கிணற்றடியிலும் கல்லறைத் தோட்டத்திலும் இருந்தது. கத்தரியோ தலையைத் தேடிச் சென்றது.

மேலும், தாயின் கை எண்ணெய் தடவி வாரி முடிந்த மயிர் அது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவன் உறவையும் ஊரையும் இழந்து நிற்கையில், அவனிடம் எஞ்சியிருந்த பழைய உருவத்தையும் கேட்பது எத்தகைய பாரம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

4. கைம்பெண்களின் கண்ணீர்

ஒரு பெண்ணின் கூந்தல் வலிந்து எடுக்கப்படுகையில் என்ன நேரிடுகிறது என்பதை அந்நாளைய கிறிஸ்தவ உலகம் அறியாததன்று. பண்டித ரமாபாய் 1883-இல் இங்கிலாந்தில் திருமுழுக்குப் பெற்று, 1887-இல் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையை விளக்கும் ஆங்கில நூலை வெளியிட்டார். தக்காணத்துப் பிராமணக் கைம்பெண்களின் தலை இரு வாரங்களுக்கு ஒருமுறை மழிக்கப்பட்டதை அவர் அதில் எழுதினார். தன் கூந்தலை நேசியாத பெண்ணும் உண்டோ என்னும் பொருள்பட அவர் கேட்ட கேள்வி மேல்நாட்டு வாசகரை உருக்கியது. 1889-இல் பம்பாயில் அவர் தொடங்கிய சாரதா சதனம் இளங்கைம்பெண்களுக்கு அடைக்கலமாயிற்று. 1890-இல் பம்பாய் நாவிதர்களே கூட்டம் கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று தீர்மானித்தனர்.

ரமாபாய் கூந்தலின்மேல் உள்ள பற்றை மாயையென்று தள்ளவில்லை. சிருஷ்டிகர் அருளிய அழகின்மேல் வைத்த நேர்மையான நேசமாக ஏற்றார். கைம்பெண்ணின் மழித்த தலையைக் கண்டு கண்ணீர் வடித்த மிஷனெரி உலகம், அதே காலத்தில் வேறொரு நாட்டில் பிறர் பிள்ளைகளின் கூந்தலை வெட்டிக்கொண்டிருந்தது என்பதே வரலாற்றின் கசப்பான பக்கம்.

5. அமெரிக்கப் பள்ளிகளில் நடந்தது

1879-இல் பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் நகரில் ரிச்சர்டு பிராட் என்னும் படைத்தலைவர் பூர்வகுடிச் சிறுவருக்கென அரசாங்க விடுதிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். திருச்சபைகள் நடத்திய பள்ளிகளும் பல இருந்தன. பிள்ளைகள் வந்து சேர்ந்தவுடன் கூந்தலை வெட்டுதல் இப்பள்ளிகளின் பொது விதியாயிற்று. லக்கோட்டா மக்களிடையே மயிரை வெட்டுதல் துக்கத்தின் அடையாளம். கார்லைலில் முதலில் வெட்ட மறுத்த மூத்த மாணவன் ஒருவன், இரவில் தானே கத்தியால் தன் மயிரை அறுத்துக்கொண்டு, வெளியே மைதானத்தில் நின்று புலம்பினான். அதைக் கேட்ட மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து புலம்பினர் என்பதைப் பிராட்டின் நினைவுக் குறிப்புகளே கூறுகின்றன.

ஜிட்கலா-ஷா என்னும் யாங்க்டன் குலச் சிறுமி 1884-இல், தன் எட்டாம் வயதில், இந்தியானா மாநிலத்தில் குவேக்கர் சபையார் நடத்திய பள்ளிக்குச் சென்றாள். பகைவர் கையில் சிக்கிய வீரனின் மயிரையே பிறர் வெட்டுவர், துக்கங்கொண்டாடுவோரே குறுமயிர் வைப்பர் என்று அவள் தாய் கற்பித்திருந்தாள். தன் கூந்தல் வெட்டப்படும் என்று அறிந்தவுடன் அச்சிறுமி ஓர் அறையில் கட்டிலின்கீழ் ஒளிந்துகொண்டாள். அவளை இழுத்து வந்து நாற்காலியில் கட்டி வெட்டினார்கள். 1900-இல் அவள் அட்லாண்டிக் மாத இதழில் இதை எழுதியபோது, அன்று தன் ஆவியே தன்னைவிட்டு நீங்கியதாகக் குறித்தாள். வெட்டியவர்கள் கொடியவர்களல்லர், ஜெபிக்கிறவர்கள். அப்பிள்ளைக்கு நன்மை செய்வதாகவே அவர்கள் நம்பினர்.

1902-இல் பூர்வகுடி விவகார ஆணையர் வில்லியம் ஜோன்ஸ் வளர்ந்த ஆண்களின் நீண்ட மயிரையும் வெட்டச் செய்யும்படி அதிகாரிகளுக்கு எழுதினார். மறுப்போரின் உணவுப் பங்கை நிறுத்தலாம் என்றார். பத்திரிகைகள் எள்ளி நகையாடவே, அக்கட்டளை தளர்த்தப்பட்டது. இத்தகைய பள்ளிகளை நடத்திய அமெரிக்க அரசின் சார்பில் 2024 அக்டோபரில் அதிபர் ஜோ பைடன் மன்னிப்புக் கேட்டார். கானடா ஐக்கிய சபையோ 1986-இலேயே பூர்வகுடியினரிடம் மன்னிப்புக் கேட்டு, சுவிசேஷத்தின் ஆழத்தோடு தன் மேல்நாட்டு நாகரிகத்தைக் குழப்பிக்கொண்டதை ஒப்புக்கொண்டது.

6. போதகருக்கு எழும் பாடம்

நம் நாட்டில் குடுமியின் கதை எவ்வாறு முடிந்தது? சபைத் தீர்மானத்தினால் அன்று. 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடமும் உத்தியோகமும் ‘கிராப்பு’ வெட்டும் சலூனும் அதை ஓசையின்றி முடித்து வைத்தன. கிறிஸ்தவனும் இந்துவும் ஒரே நாற்காலியில் அமர்ந்து அதை நீக்கிக்கொண்டனர். ஆனால் எந்தச் சாதியை அழிக்கவென்று குடுமியின்மேல் கை வைத்தனரோ அச்சாதி, கிராப்புத் தலையோடு இன்றும் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கிறது.

ஆகவே, ஒரு விசுவாசியினிடத்தில் அவனுக்கு அருமையான ஒன்றை விட்டுவிடும்படி சபை கேட்குமுன், இரு கேள்விகளை அது தன்னையே கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவன் அதை வைத்திருப்பதனால் அயலானுக்குப் புண் உண்டாகிறதா? அவன் அதை விடுவதனால் அயலான் குணமடைகிறானா? இரண்டிற்கும் ஆம் என்பது விடையானால், அது அவனுக்கு எத்தனை அருமையானதாயினும் சபை துணிந்து கேட்கலாம். அன்றேல், கொடுப்பதும் வைத்திருப்பதும் அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள காரியம்.

இக்கேள்விகள் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்த பெண்ணிடம் கூந்தலில் பூச்சூடலாகாது என்று சொல்லும் ஊழியர் இன்றும் உளர். வாலிபனின் நீண்ட மயிரைப் பிரசங்க பீடத்திலிருந்து கண்டிப்போரும் உளர். விடுதிக்கு வரும் சிறுமியின் பின்னலைப் பேன் தொல்லையின் நிமித்தம் வெட்ட நினைக்கும் காப்பாளர், ஈருளியும் சற்றுப் பொறுமையும் போதுமா என்று முதலில் பார்த்தல் நலம். புற்றுநோய்ச் சிகிச்சையில் கூந்தலை இழந்த சகோதரி அழும்போது, உயிர் தப்பியதே பெரிது, மயிர் வளரும் என்று விரைந்து தேற்றுவதும் தாவீது அனுப்பிய தூதரின் துயரை அறியாத பேச்சே. நம் தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று கூறிய ஆண்டவர் அதை அற்பமென்று எண்ணவில்லை. அத்தகையோருக்கு எரிகோவில் தங்கியிருக்க இடமும் காலமும் கொடுப்பது மேய்ப்பனின் கடமை.