சப்கானுக்குப் பணம் கொடுக்கிறீர்களா? வரிச் சிக்கல் எங்கே வரும்?

துவாஸில் சின்னதாக ஒரு வெல்டிங் நிறுவனம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் பட்டறையிலிருந்து பெரிய வேலை வருகிறது. கையில் இருக்கும் ஆட்கள் போதவில்லை. தெரிந்த துணைக் குத்தகையாளர் ஒருவரிடம், அதாவது 'சப்கான்' ஒருவரிடம், பாதி வேலையைக் கொடுக்கிறீர்கள். வேலை முடிந்ததும், "பில்லெல்லாம் எதுக்கு பாஸ், பேநவ்ல போட்டுடுங்க" என்கிறார். நீங்களும் போட்டுவிடுகிறீர்கள்.

சிக்கல் அன்றைக்குத் தெரியாது. வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போதுதான் தெரியும்.

சப்கானின் வரியை யார் கட்டவேண்டும்?

அவரேதான். இந்தியாவில், குறிப்பிட்ட தொகைக்குமேல் குத்தகையாளருக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் பொதுவாக 1 அல்லது 2 விழுக்காட்டை 'டிடிஎஸ்' என்று பிடித்துக்கொண்டு அரசாங்கத்திடம் கட்டவேண்டும். சிங்கப்பூரில் வசிக்கும் சப்கானுக்கு அப்படிப் பிடிக்கத் தேவையில்லை.

அப்போ நமக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அந்தப் பணம் உங்கள் தொழில் செலவு என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

உள்நாட்டு வருவாய் ஆணையம் அந்தச் செலவை ஏற்காமல் போகலாம். 40,000 வெள்ளி கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்றால், அது உங்கள் லாபமாகவே கணக்கிடப்படும். நிறுவன வரி 17 விழுக்காடு. அதன்படி 6,800 வெள்ளி வரை கூடுதலாகக் கட்ட நேரிடும். சப்கான் சம்பாதித்த பணத்துக்கு நீங்கள் வரி கட்டுவதுபோலத்தான் இது.

பேநவ் பதிவு பணம் போனதைக் காட்டும். எதற்காகப் போனது என்று காட்டாது. ஆவணங்களை 5 ஆண்டுக்கு வைத்திருக்கவேண்டும்.

பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால்?

உடனே கொடுத்துவிடாதீர்கள். பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்தவர் மட்டுமே அந்த 9 விழுக்காட்டை வசூலிக்கலாம். பதிவு செய்யாதவர் 10,000 வெள்ளி வேலைக்கு 900 வெள்ளி சேர்த்து வாங்கினால், அந்த 900 வெள்ளியை நீங்கள் திரும்பக் கோர முடியாது. பதிவு எண் உண்மையானதா என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து நிபுணர் வந்தால்?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து சுயதொழில் நிபுணர் ஒருவர் 10 நாள் வந்து உங்கள் இயந்திரத்தைச் சரிசெய்கிறார். அவர் சிங்கப்பூரின் வரிவாசி அல்லர். அவருக்குக் கொடுக்கும் மொத்தத் தொகையில் பொதுவாக 15 விழுக்காட்டை நீங்கள் பிடித்துவைத்துக் கட்டவேண்டும். வெளிநாட்டு நிறுவனம் இங்கு வந்து வேலை செய்தால் 17 விழுக்காடு.

மார்ச்சில் பணம் கொடுத்தால் மே 15க்குள் கட்டவேண்டும். தாமதமானால் முதலில் 5 விழுக்காடு அபராதம். அதன்பிறகு மாதம் 1 விழுக்காடு கூடும். முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டீர்களா? வரி உங்கள் கையிலிருந்துதான் போகும்.

இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாட்டின்கீழ்ச் சலுகை கிடைக்கலாம். அதற்கு அவருடைய நாட்டின் வரி வசிப்பிடச் சான்றிதழ் தேவை.

சப்கான் என்றுதான் சொல்கிறோம், ஆனால்...

தினமும் உங்கள் பட்டறைக்கு வருகிறார், உங்கள் கருவிகளையே பயன்படுத்துகிறார், நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வேலை செய்கிறார் என்றால் அவர் ஊழியராகக் கருதப்படலாம். ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது மட்டும் முக்கியமல்ல. சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் மத்திய சேம நிதி கட்டவேண்டும். தாமதத்துக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவரை 'பார்ட் டைம் சப்கான்' ஆக்கவே கூடாது. சீட்டில் உள்ள முதலாளியிடம் மட்டுமே அவர் வேலை செய்யலாம். மீறினால் அவரை வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பணம் கொடுக்கும்முன் பார்க்கவேண்டியவை

- சப்கானின் நிறுவனப் பதிவு எண்
- வேலை, விலை, தேதி குறிப்பிட்ட எழுத்துபூர்வ ஒப்பந்தம்
- ஒவ்வொரு தொகைக்கும் பில்
- ஜிஎஸ்டி இருந்தால் பதிவுச் சோதனை
- அவர் சிங்கப்பூர் வரிவாசியா என்ற கேள்விக்குப் பதில்

ஏற்கெனவே தவறியிருந்தால்?

ஆணையம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே முன்வந்து சொன்னால் அபராதம் குறையலாம், தள்ளுபடியும் ஆகலாம். சப்கானிடம் பழைய வேலைக்கான பில்லை இப்போதே கேளுங்கள். அவர் தொலைபேசி எண் மாறிவிட்டால் பில்லும் போய்விடும்.