முள் காட்டிய வடக்கு



சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கா? ஒரு நாள் எங்கள் குழுவின் டிராவர்ஸ் மட்டும் மூடவே இல்லை. ஒரு முனையிலிருந்து 62 பாகை; மறுமுனையிலிருந்து திரும்பிப் பார்த்தால் 242 வரவேண்டும். வந்ததோ 245! வாத்தியார் காம்பஸைத் தொடவே இல்லை. "காலடியில என்னப்பா கிடக்கு?" என்றார். அளவுச் சங்கிலி! இரும்பைக் காலடியில் போட்டுவிட்டு முள்ளைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பேரிங் எழுத இரண்டு முறைகள் உண்டு. வடக்கிலிருந்து வலமாக 0 முதல் 360 பாகை வரை எண்ணுவது முழுவட்ட முறை. லண்டனில் ஷ்மால்கால்டர் 1812-ல் காப்புரிமை பெற்ற பிரிஸ்மாட்டிக் காம்பஸ் இந்த வகை. வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ இருபுறமும் 90 வரை எண்ணுவது கால்வட்ட முறை. சர்வேயர் காம்பஸின் வழக்கம். 150 பாகை என்றாலும் 'தெற்கு 30 கிழக்கு' என்றாலும் கோடு ஒன்றுதான்.

சரி, முள் காட்டும் வடக்கு நிலையானதா? 1580-ல் லண்டன் அருகே வில்லியம் பரோ பார்த்தபோது முள் உண்மை வடக்கிலிருந்து 11 பாகைக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே விலகி நின்றது. 1634-ல் ஹென்றி ஜெலிப்ராண்டு பார்த்தபோது அது சுமார் 4 பாகைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே முள் 24 பாகை மேற்கே போய்விட்டது! கருவியில் கோளாறில்லை, பூமியின் காந்தமே மெல்ல நகர்கிறது.

அதனால்தான் பெரிய அளவைகள் முள்ளை நம்பவில்லை. 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வேலையைத் தொடங்கிய லாம்டன், முக்கோணங்களைத் தியோடலைட்டால் அளந்தார். வடக்கைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் குறித்தார். அதற்கு முன்பே, 1794-ல், சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது.

இதெல்லாம் இப்போ எதுக்கு, செயற்கைக்கோள்தான் இருக்கே என்பீர்கள். தம்பி, கைப்பேசியிலுள்ள திசைகாட்டியும் காந்தத்தைத்தான் கேட்கிறது. பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல் தேடும் நாளும் ஒருநாள் வரும். ஒரு பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் தள்ளிப் போகும். அது ஒருத்தருடைய வீட்டு மனை!

ஆகவே பேரிங் எழுதும்போது, எந்த வடக்கு, எந்த வருஷம் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதுவதற்கு முன் ஒருமுறை காலடியையும் பாருங்கள்.