ஒரே தொட்டி

அலாஸ்கா மாநிலத்தில் சாலைத் தொடர்பே இல்லாமல், ஆற்றையும் கடலையும் ஆகாயத்தையும் மட்டுமே வழியாகக் கொண்டு, யூபிக், இனுபியாக், அதபாஸ்கன் முதலிய ஆதிகுடி ஜனங்கள் வாழ்ந்துவரும் கிராமங்கள் ஏறக்குறைய இருநூறு, விளக்கெரிப்பதற்கும் வீட்டைச் சூடாக்குவதற்கும் இன்றளவும் டீசலையே பிரதானமாக நம்பியிருக்கின்றன. யூகான், கஸ்கோக்விம் ஆகிய மகாநதிகளில் பனி உடைந்து நீர் ஓடத் தொடங்கிய பிறகு, மறுபடியும் அது உறைவதற்குள், வருஷத்திற்கு ஓரிரு முறை எண்ணெய்ப் படகு வருகிறது. துறைமுகம் ஏதும் இல்லாத அந்த மண்கரையில் படகின் மூக்கை அணைத்து நிறுத்தி, ரப்பர் குழாயை இழுத்துச் சென்று ஊர்த் தொட்டியில் பொருத்தி, அளவுகோலை உள்ளே விட்டு எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், அதுதான் அடுத்த கோடை வரையில் அந்த ஊரின் ஜீவாதாரம். கணக்கு தவறினால் விமானத்தில்தான் எண்ணெய் வரவேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்துக் கர்டிஸ் விமானங்கள்கூட அண்மைக்காலம் வரை அந்தத் தொழிலில் இருந்தன. அவை கொண்டுவரும் எண்ணெயின் கிரயத்தைக் கேட்டால் எந்தக் குடும்பத்தலைவருக்கும் நெஞ்சு பதறும்.

டீசலை இப்படி நம்பியிருப்பது புராதனமானதன்று. ஸீல் கொழுப்பை ஊற்றி எரித்த கல்விளக்கும், ஆறு அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கும் கட்டைகளும், பிற்பாடு மண்ணெண்ணெயுமாகப் பல தலைமுறைகள் அங்கே குளிர்காலத்தைக் கழித்தன. டீசல் இயந்திரம் முதலில் வந்து சேர்ந்தது சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கும் ராணுவத்திற்கும்தான். 1950களில் சோவியத் விமானங்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக ஆர்க்டிக் கரை நெடுக அமைக்கப்பட்ட ராடார் நிலையங்கள் முழுவதும் டீசலில் ஓடியவை. கிராமத்து வீடுகளுக்கு மின்சாரம் எட்டியதோ 1960களின் கடைசியில், அலாஸ்கா கிராம மின்சாரக் கூட்டுறவு என்ற ஸ்தாபனம் தோன்றிய பிறகே. அந்த மின்நிலையங்களில் ஒரு சாமர்த்தியம் உண்டு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உறிஞ்சிக்கொள்ளும் உஷ்ணத்தை வீணாக்காமல், குழாய் வழியாகப் பள்ளிக்கூடத்திற்கோ, ஊர்ப்பொதுவான குளியல் சலவைக் கூடத்திற்கோ கொண்டுபோய்விடுகிறார்கள். ஆகையால் அங்கே மின்சார ஜெனரேட்டர் நின்றுபோவது என்பது இருட்டு என்ற ஒரு கஷ்டத்தோடு முடிவதில்லை. தண்ணீர்க் குழாய்களும் கூடவே உறைந்து வெடிக்கும் அபாயம் இருக்கிறது.

இப்படியிருக்கும் ஊர்களை நோக்கித்தான் கந்தகச் சட்டம் வந்தது. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து நுண்துகளாகவும் அமிலமாகவும் காற்றில் கலப்பது ஒரு தீமை. புகையைச் சுத்திகரிப்பதற்காகப் புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கிகளையும் வடிகட்டிகளையும் அது கெடுத்துவிடுவது அதனினும் பெரிய தடை. பத்து லட்சம் பங்கில் 5,000 பங்கு வரையில் கந்தகம் இருக்கலாம் என்றிருந்த வழக்கத்தை மாற்றி, சாலை வாகனங்களுக்கான டீசலில் 500 பங்குக்கு மேல் கூடாது என்று 1993ஆம் வருஷத்தில் அமெரிக்கச் சர்க்கார் நடைமுறைப்படுத்தியபோது, அலாஸ்காவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிறகு 2001இல் வகுக்கப்பட்ட விதி, 2006 முதல் 15 பங்கே உச்சவரம்பு என்றது. 2004இல் வந்த மற்றொரு விதி, சாலைக்குப் புறம்பான இயந்திரங்களுக்கும் படிப்படியாக அதே வரம்பை விதித்தது. சாலைத் தொடர்புள்ள அலாஸ்கா நகரங்கள் தேசத்தின் ஏனைய பாகங்களோடு சேர்ந்து நடக்க, கிராமங்களுக்கு மட்டும் 2010ஆம் வருஷத்தின் இறுதி வரையில் அவகாசம் தரப்பட்டது. கோடைப் படகு கொண்டுவந்து ஊற்றிய பழைய எண்ணெய் தொட்டியில் கிடக்க, நடுக்குளிரில் ஒரு தேதியைக் குறிப்பிட்டு அன்று முதல் புது எண்ணெய்தான் என்று ஆணையிடுவது அசாத்தியம் என்பதை அதிகாரிகள் உணர்ந்திருந்தார்கள். அந்த மட்டில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சட்டம் எழுதியவர்கள் சாலை வாகன எண்ணெய், சாலைக்குப் புறம்பான இயந்திர எண்ணெய், அடுப்பெண்ணெய் என்று மூன்று ஜாதிகளாகப் பிரித்து, அடுப்பெண்ணெய்க்குக் கந்தக வரம்பே விதிக்காமல் விட்டார்கள். வாஷிங்டனில் அமர்ந்து பார்க்கையில் அது நியாயமான பாகுபாடு. ஆனால் கிராமத்தில் சாலை வாகனம் என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எண்ணெயில் பெரும்பகுதி மின்நிலையத்திலும் டோயோ என்ற எண்ணெய் அடுப்பிலும்தான் எரிகிறது. படகிலும் தொட்டியிலும் வகைக்கொரு அறை வைத்துக்கொள்வதற்குப் பணமும் இல்லை, இடமும் இல்லை. 1998இல் டெனாலி கமிஷன் என்ற மத்திய சர்க்கார் அமைப்பு ஏற்பட்டு, துருப்பிடித்து ஒழுகிய பழைய தொட்டிகளை மாற்றிக் கட்டத் தொடங்கும் வரையில், இருந்த தொட்டியே ஒழுகாமல் இருந்தால் போதும் என்பதுதான் பல ஊர்களின் நிலைமை. ஆகவே ஒரு லாரிக்கு 15 பங்கு எண்ணெய் அவசியமென்றால், அந்த ஒரே தொட்டியிலிருந்து எடுக்கும் அடுப்புக்காரனும் அதே எண்ணெயை, அதன் சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்து வாங்கவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. சட்டம் தொடாமல் விட்ட அடுப்பைத் தொட்டி தொட்டுவிட்டது.

புது எண்ணெயைப் பற்றி இயந்திரக்காரர்களுக்கு வேறு பயங்களும் இருந்தன. அவை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. கடுங்குளிரில் இரண்டாம் நம்பர் டீசலின் மெழுகு உறைந்து குழாயை அடைத்துவிடும் என்பதால், அங்கே மண்ணெண்ணெயைப் போன்ற இலேசான ஒன்றாம் நம்பரையே உபயோகிக்கிறார்கள். அதற்கு இயல்பிலேயே வழவழப்பு குறைவு. கந்தகத்தை அகற்றும் ஹைட்ரஜன் பிரயோகம், பம்புகளின் உராய்வைத் தடுத்துவந்த சில பொருள்களையும் கூடவே நீக்கிவிடுகிறது. பழைய இயந்திரங்களில் கந்தகம் மிகுந்த எண்ணெயில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையங்கள் புது எண்ணெயில் சுருங்கி ஒழுகுவதும் உண்டு. மசகுச் சேர்க்கைகளைக் கலப்பதாலும் வளையங்களை மாற்றுவதாலும் இவையெல்லாம் சமாளிக்கப்பட்டன. ஆனால் ஒரு வளையத்தை மாற்ற மெக்கானிக் விமானமேறி வரவேண்டிய ஊரில் சமாளிப்பது என்பதற்குப் பொருளே வேறு.

இத்தனை சிரமமும் எதற்காக என்று கேட்டால், வடிகட்டி பொருத்திய புதிய இயந்திரங்கள் ஓடுவதற்காக என்பதே முக்கியமான விடை. அந்த இயந்திரங்கள்தான் கிராமங்களில் நிலைக்கவில்லை. நைட்ரஜன் புகையைக் குறைக்க யூரியாக் கரைசல் வேண்டும். அதுவோ பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியிலேயே உறைந்துபோகும். 2011இல் யூரியா விஷயத்தில் விலக்களித்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2014 மாடல் முதல் வடிகட்டி மட்டும் அவசியம் என்றது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் ஜெனரேட்டர் நின்றுவிடும், அதற்குப் பயந்து ஊர்கள் பழைய இயந்திரங்களையே செப்பனிட்டு ஓட்டுகின்றன, ஆதலால் விதியால் புகை குறையவுமில்லை என்று அலாஸ்கா பிரதிநிதிகள் காங்கிரஸில் வாதாடினார்கள். 2019 அக்டோபரில் நிறைவேறிய சட்டம் அந்த நிபந்தனையை நீக்கியது.

எண்ணெய் எவ்வளவு சுத்தமானாலும் அது வந்து சேரவேண்டுமே என்பது வேறு கவலை. 2008ஆம் வருஷக் கோடையில் உலகச் சந்தையில் விலை உச்சிக்குச் சென்றிருந்த வேளையில் தொட்டிகளை நிரப்பிக்கொண்ட ஊர்கள், பிறகு விலை இறங்கியும் அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தப் பழைய விலையையே கொடுத்தன. யூகான் முகத்துவாரத்திலுள்ள எம்மோனாக்கில் அடுப்புக்கா, சாப்பாட்டுக்கா என்று குடும்பங்கள் தவித்த செய்தி தேசமெங்கும் பரவியது. 2011 நவம்பரில் பெரும்புயல் ஒன்று நோம் நகருக்கு வரவேண்டிய கடைசிப் படகைத் தடுத்துவிட்டது. அடுத்த ஜனவரியில் ரென்டா என்ற ருஷ்யக் கப்பல், தென் கொரியாவில் டீசல் ஏற்றி, டச்சு ஹார்பரில் பெட்ரோலும் ஏற்றிக்கொண்டு, ஹீலி என்ற அமெரிக்கப் பனியுடைக்கும் கப்பல் முன்னே வழி திறந்து செல்ல, உறைந்த கடலைக் கடந்து வந்தது. உள்நாட்டுத் துறைமுகங்களிடையே அந்நியக் கப்பல் சரக்கு கொண்டுசெல்லலாகாது என்ற பழைய சட்டத்தை அதற்காகத் தளர்த்த வேண்டியிருந்தது. பனிக்கட்டியின்மேல் குழாயைக் கிடத்தி, சுமார் 13 லட்சம் காலன் எண்ணெயைக் கரைக்கு இறைத்தார்கள்.

கொட்ஸபூ நகரம் 1997 முதற்கொண்டே காற்றாலைகளை நிறுத்தி டீசல் செலவைக் குறைத்துவருகிறது. வேறு பல ஊர்களும் அவ்வழியில் போகின்றன. கந்தகச் சட்டத்தைப் பொறுத்தவரையில், சுவாச நோய்கள் ஆதிகுடிக் குழந்தைகளிடையே மிகுந்திருக்கும் பிரதேசத்தில் கந்தகத்தைக் குறைத்தது சரியான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எண்ணெயை முதலில் சுத்தம் செய்துவிட்டு, அதை எரிக்கும் இயந்திரத்தையும், அதைப் பேணும் மனிதனையும், அதற்கான பணத்தையும் அந்தந்த ஊரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் பிழை. இன்று அக்கிராமங்களின் தொட்டிகளில் இருப்பது 15 பங்கு எண்ணெய். அதை எரிக்கும் மின்நிலையங்களில் பலவற்றின் புகைக்குழாயில் வடிகட்டி இல்லை.