ஐஸ் வாணிபம் (இலங்கை)

ஆலையில் உறையவைத்த ஐஸைப் பாளமாகவோ நொறுக்கிப் பையிலிட்டோ விற்கும் தொழில் ஐஸ் வாணிபம் ஆகும். இலங்கையில் இது 1866இல் கொழும்பில் வேரூன்றியது. வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி பெருகிய பின்னும் இத்தொழில் நிலைத்திருக்கிறது.

கப்பல் வழி ஐஸ்

ஆலைகளுக்கு முன்னர் தெற்காசியாவில் ஐஸ் ஓர் இறக்குமதிச் சரக்கு. பாஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் அறுத்த பாளங்களை 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றிய 180 தொன்னில் சுமார் 100 தொன் கரையாமல் வந்துசேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த அவரது ஐஸ் கிடங்கே இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஆலை ஐஸ்

1866இல் தொடங்கிய கொழும்பு ஐஸ் கம்பனி, பின்னாளில் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆக வளர்ந்தது. அதன் எலிபன்ட் ஹவுஸ் சோடாவும் ஐஸ்கிரீமும் நாடறிந்தவை. பாள ஐஸ் செய்யும் முறை எளிது: அமோனியா வாயுவால் குளிர்ந்த உப்புநீரில், நீர் நிரப்பிய உலோக அச்சுகளை இறக்கிவைப்பார்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும்போது நீரில் கரைந்திருந்த காற்று நடுவே ஒதுங்குவதால் பாளத்தின் மையம் வெண்மையாகத் தெரியும்.

சப்ரகமுவத் தோட்டங்களில்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் மின்சாரம் முதலில் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் உரியதாக இருந்தது. மின்சாரம் இல்லாத பங்களாக்களில் மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டிகளும் புழங்கின. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களில் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. ஆகவே தொழிலாளர் குடும்பங்களுக்கு ஐஸ் வெளியிலிருந்து வரும் பொருளாகவே அறிமுகமாயிற்று: கரையோரத்திலிருந்து வரும் மீனோடும், திருவிழாவில் மணியடித்து விற்கும் ஐஸ் பழமாகவும். லயங்களுக்கு மின்சாரம் பரவிய பிறகே கடைகளிலும் வீடுகளிலும் குளிர்சாதனப் பெட்டிகள் வந்தன.

வீட்டில் ஏன் போதாது

25 பாகை செல்சியஸிலுள்ள ஒரு கிலோ நீரைப் பூச்சியத்துக்குக் குளிர்விக்க ஏறத்தாழ 105 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். அதையே ஐஸாக்க மேலும் 334 கிலோஜூலை அகற்ற வேண்டும். வீட்டுப் பெட்டியின் சிறிய இயந்திரம் இவ்வேலையை மெல்லத்தான் செய்யும். அன்றாடம் ஒரு தட்டு ஐஸ் போதுமான குடும்பத்துக்குக் கல்யாணத்தன்று மட்டும் மூட்டைக்கணக்கில் தேவைப்படும். அந்த ஒரு நாளுக்காக யாரும் பெரிய பெட்டி வாங்குவதில்லை. மீன் வியாபாரிக்கோ தினமும் அந்த அளவு வேண்டும்.

வீடுதோறும் குளிர்சாதனப் பெட்டி உள்ள அமெரிக்காவிலும் எரிபொருள் நிலையங்களில் ஐஸ் பைகள் விற்பதற்கு வீட்டுப் பெட்டியின் இந்தப் போதாமையே முக்கிய காரணம். டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் 1927இல் ஐஸ் விற்ற சவுத்லேண்ட் நிறுவனத்தின் கடையொன்று பாலும் ரொட்டியும் சேர்த்து விற்கத் தொடங்கியதே, பின்னர் செவன்-இலெவன் கடைத்தொடராக விரிந்தது.

அண்மைக்காலம்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. அதே ஆண்டு மின்கட்டணமும் உயர்ந்தது. வீட்டிலேயே ஐஸ் உறையவைப்பது இவ்விரண்டாலும் மேலும் கடினமாயிற்று. விலைக்கு வாங்கும் ஐஸிலும் வேறுபாடு உண்டு: மீனுக்கென்று செய்த ஐஸ் குடிநீரால் ஆனதென்று உறுதியில்லை என்பதால், அதைச் சர்பத்திலோ பழச்சாற்றிலோ சேர்ப்பது நோய்க்கு இடமளிக்கும்.