பார்பரா ஸ்ட்ரோசியின் எட்டுப் புத்தகங்கள்

1619இல் வெனிஸில் பிறந்த இசையமைப்பாளர் பார்பரா ஸ்ட்ரோசியை, கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோசி உருவாக்கிய பெண் என்றே பலர் அறிமுகப்படுத்துகிறார்கள். அதில் உண்மை உண்டு. பணிப்பெண்ணின் வயிற்றில் பிறந்தவருக்கு இசைக் கல்வி கொடுத்தவர் ஜூலியோ. 1637இல் அவர் தொடங்கிய யூனிசோனி கழகத்தில்தான் பார்பரா பாடினார். 1644இல் வந்த முதல் இசைப் புத்தகத்தின் பாடல் வரிகளும் ஜூலியோ எழுதியவை. ஆனால் அடுத்து வரும் ஆண்டுகள் வேறு கதை சொல்கின்றன. பார்பராவின் பிள்ளைகளில் மூவருக்குத் தந்தை எனக் கருதப்படும் விட்மான் 1648இல் இறந்தார், ஜூலியோ 1652இல். எட்டுப் புத்தகங்களில் ஆறு அதற்குப் பிறகே அச்சேறின. மாதாகோவிலிலோ அரசவையிலோ நிலையான பதவி கிடைக்காத ஒரு பெண், பிரபுக்களுக்குக் காணிக்கையாக்கிய புத்தகங்களைக் கொண்டே தன் பெயரை நிலைநிறுத்தினார். ஆதரவாளர் போனதும் அடங்கிப்போகும் திறமை இப்படி நடந்துகொள்ளாது.

அவர் கணிகையாக வாழ்ந்தவர், பாட்டு அந்த வாழ்க்கையின் அலங்காரம் மட்டுமே என்று வாதிடுவோரும் உண்டு. அவருடைய ஒழுக்கத்தைப் பழித்த நையாண்டி எழுத்துகள் அன்றே சுற்றியது மெய்தான். அந்த வசையை அப்படியே நம்பினாலும், 1659 தொகுப்பிலுள்ள ‘லாக்ரிமே மியே’ என்ற புலம்பலுக்கு அது விளக்கமாகாது. கீழே ஒரு சுரம் அசையாமல் நிற்க, கண்ணீர் என்ற முதல் சொல்லை நீட்டி இழுத்தபடி குரல் மேலிருந்து இறங்குகிறது. நடுவழியில் அந்தச் சுரத்தோடு ஒட்டாமல் உராய்கிறது. அந்த உராய்வை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் தாங்க விடுவது என்பதெல்லாம் முழுநேரக் கலைஞரின் கணக்கு. 1664இல் எட்டாவது புத்தகம் வந்தது. 1677இல் பாதுவாவில் இறந்தார்.