பெட்டிக்குள்ள பைக், வெயில்ல டிரைவர்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஹைவே ஓரத்துல ஆரம்பிக்குது.

சென்னையிலிருந்து பெங்களூர் போற ரோட்டுல, காஞ்சிபுரம் தாண்டினதும் பாலுசெட்டிசத்திரம் வரும். பக்கத்துலயே திருப்புட்குழி. ‘புள்’ளுன்னா பறவை. சீதையைக் கொண்டுபோன ராவணனை மறிச்சு உயிரை விட்ட ஜடாயுவுக்கு, ராமர் இறுதிக் கடன் செஞ்ச இடம் இதுன்னு விஜயராகவப் பெருமாள் கோயில் தல புராணம் சொல்லுது. ஆக, வண்டியை மறிச்ச கதைக்குப் பேர் போன ஊர். இன்னைக்கு அந்த ஊர் ஓரமா ஓடுற வண்டிகளைப் பத்திதான் பேசப் போறோம்.

அங்க பத்து நிமிஷம் நின்னு பாருங்க. நாலு பக்கமும் தகரம் அடைச்ச, ஜன்னலே இல்லாத நீளமான டிரெய்லர்கள் வரிசையா போகும். பலதுக்குள்ள இருக்கிறது புது பைக், புது கார். ஏன்னா இந்த ரோட்டுக்குக் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால். மேற்கே ஓசூர். நாட்டோட வண்டித் தொழில்ல பெரிய பங்கு இந்த ரெண்டு முனைக்கு நடுவுலதான் இருக்கு.

சரி, வண்டியை ஏன் வண்டியில ஏத்தணும்? ஓட்டிட்டே போகலாமே? ஏத்தினாலும் ஏன் பெட்டிக்குள்ள அடைக்கணும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை ஆரம்பிச்சாங்க. முதல்ல புல்லட் முழுசா இங்க வரல. பாகம் பாகமா கப்பல்ல வந்துச்சு, மெட்ராஸ்ல பூட்டினாங்க. பிரிச்சு வர்ற வரைக்கும் பிரச்சினை கம்மி. முழு வண்டியா பூட்டின பிறகுதான் தலைவலி. அது தானா நிக்காது, டேங்க்ல கீறல் விழும், கண்ணாடி உடையும்.

நம்ம ஊர் ரயில்வே பார்சல் ஆபீஸ் இதுக்கு ஒரு வழி வச்சிருந்தது, இன்னைக்கும் இருக்கு. ஊர் மாறும்போது பைக்கை ரயில்ல போட்டவங்களுக்குத் தெரியும். பெட்ரோலைச் சுத்தமா வடிக்கணும். வைக்கோலும் சாக்கும் சுத்தி, கோணி ஊசியால தைச்சு, மேல போற ஊர் பேரை எழுதி அனுப்புவாங்க. அந்த ஒரு வண்டிக்கு மட்டும் தைச்ச பெட்டின்னு வச்சுக்கோங்க.

பெட்ரோலை ஏன் வடிக்கணும்? மூடின இடத்துல பெட்ரோல் ஆவி சேர்ந்துச்சுன்னா, ஒரு பொறி போதும். இந்த விதியை ஞாபகம் வச்சுக்கோங்க. மூடின டிரெய்லரோட பெரிய பலவீனமும் இதேதான்.

கார் விஷயத்துல ரயில்வே இன்னும் சுவாரசியமான ஒரு வேலை பண்ணுச்சு. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல பெட்டி கட்ட ஆரம்பிச்சது. அந்த வகைப் பெட்டிகள் இருபது வருஷத்துக்கு மேல பயணிகளைச் சுமந்து ஓய்வு பெறும்போது, சீட்டைக் கழட்டி, ஜன்னல், கதவை அடைச்சு, பெட்டியோட முனையில பெரிய கதவு வச்சு, கார் ஏத்துற வண்டியா மாத்தினாங்க. பேரு என்.எம்.ஜி. ஒரு முனையில கார் ஏறி, பெட்டி பெட்டியா உள்ளேயே ஓடி வரிசையா நிக்கும். திருப்புட்குழிக்குக் கிழக்கே இருக்கிற வாலாஜாபாத் ஸ்டேஷன்ல இன்னைக்கும் கார் ஏத்துறாங்க. நம்ம தாத்தா ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்ட பெட்டி, ஜன்னலே இல்லாம புது காரைச் சுமந்துட்டுப் போகுது.

ரோட்டுல கதை வேற. 1998-ல இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சாண்ட்ரோ வெளிய வந்துச்சு. இந்தப் பக்கம் தொழிற்சாலை பெருகப் பெருக, டிரெய்லரும் பெருகுச்சு. திறந்த டிரெய்லரா, மூடினதா?

திறந்ததுல எடை கம்மி, ஏத்தி இறக்கறது சுலபம், காத்தோட்டம் இருக்கு, எதாவது ஸ்ட்ராப் தளர்ந்தா வெளியிலிருந்தே தெரியும். ஆனா முன்னாடி போற லாரி தெறிக்கிற ஜல்லி, மழை, தார், திருட்டு எல்லாமே சரக்கு மேலதான் விழும். மூடினதுல இதெல்லாம் இல்ல. பதிலுக்கு பெட்டியோட எடை கூடும், பக்கவாட்டுக் காத்துக்கு ஆடும், உள்ள வெப்பம் ஏறும். டிரெய்லரோட சேர்த்து மொத்த நீளம் 18.75 மீட்டரைத் தாண்டக் கூடாதுங்கிறது சட்டம். நீளம் கூட்ட முடியாததால அடுக்குதான் வழி. பைக்குக்கு மூணு அடுக்கு வரைக்கும் அனுமதி கிடைச்சுது. அதுல ஒரு நிபந்தனை: சரக்குப் பகுதி டிரைவர் கேபினுக்கு மேல நீட்டக் கூடாது.

அந்த நிபந்தனையைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது. இவ்வளவு நேரம் நாம சரக்கைப் பத்தி மட்டுமே பேசிட்டு இருக்கோம்.

நம்ம ஹைவேல இன்னொரு காட்சி பாத்திருப்பீங்க. புது லாரி, ஆனா கேபினே இல்ல. வெறும் சேசிஸ். என்ஜினுக்குப் பக்கத்துல ஒரு சீட், அதுல தலையில துண்டு கட்டி, கண்ணாடி போட்டு ஒருத்தர். தொழிற்சாலையிலிருந்து பாடி கட்டுற ஊர் வரைக்கும் வெயில், மழை, புழுதி எல்லாத்தையும் முகத்துல வாங்கிட்டு ஓட்டுவார். அவரை ஓவர்டேக் பண்ற டிரெய்லருக்குள்ள பைக்குங்க தூசி படாம நிக்கும். கீறல் விழுந்தா பைக்குக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம், கணக்கு, கையெழுத்து எல்லாம் உண்டு. டிரைவரோட தூக்கம் போனதுக்கும் முதுகு போனதுக்கும் அப்படி ஒரு படிவம் கிடையாது. பெட்டி முதல்ல சரக்குக்கு வந்ததுக்குக் காரணம் இதுதான்னு நினைக்கிறேன்.

கேபின் பெட்டியும் மெதுவா வந்துட்டு இருக்கு. 2025-ல இருந்து தயாராகுற நடுத்தர, கனரக லாரிகள்ல கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சேசிஸா விக்கிற வண்டிக்கும் ஏ.சி. கிட் கொடுத்தாகணும். காருக்கு ஏ.சி. சாதாரணமாகி எத்தனை வருஷம் ஆச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. பழைய லாரிகள் இன்னும் பல வருஷம் ஓடும், அதுவும் உண்மை.

நீங்க பைக்கை சென்னையிலிருந்து பெங்களூருக்கு அனுப்பப் போறீங்கன்னா, ‘மூடின வண்டியா?’ன்னு மட்டும் கேக்காதீங்க. டேங்க்கை வடிக்கச் சொல்லுங்க, பேட்டரி வயரைக் கழட்டச் சொல்லுங்க. உள்ள காத்து போக வழி இருக்கா, தரையில ஸ்ட்ராப் மாட்ட வளையம் இருக்கான்னு பாருங்க. ஏத்தறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. அப்புறம், ‘நாளைக்குக் காலையிலயே வேணும்’னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த அவசரத்துக்கு ராத்திரி முழுக்க கண்ணு முழிக்கிறது பெட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்கிற அண்ணன்தான்.

அடுத்த தடவை பாலுசெட்டிசத்திரத்துல டீ குடிக்க நிறுத்தினா, பக்கத்துல நிக்கிற டிரெய்லர்க்காரர்கிட்ட பேசிப் பாருங்க. உள்ள என்ன லோடுன்னு அப்புறம் கேக்கலாம், எத்தனை மணி நேரமா ஓட்டுறார்னு முதல்ல கேளுங்க. அவர் சொன்னதை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.