திறவாக் கோப்புகள்: எழுத்துருக் காலம் விட்டுச் சென்றவை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் கணினிகள் யாவும் மாற்றப்பட்டன. பழைய வன்தட்டிலிருந்த வினாத்தாள்கள், நாடகப் பிரதிகள், ஆண்டுமலர்க் கட்டுரைகள் அனைத்தும் ஒன்று குறையாமல் புதிய கணினிக்குப் படியெடுக்கப்பட்டன. உதவிக்கு அழைக்கப்பட்டு நாம் சென்றபோது, திறந்த முதற்கோப்பிலேயே தமிழைக் காணவில்லை. ‘தமிழ்’ என்னும் சொல் நிற்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கோப்பு கெட்டுவிட்டது போலும், அழித்துவிடலாமா என்று இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார்.

கோப்பு கெடவில்லை. அதில் ஓரெழுத்தும் மாறவில்லை. மாறியது அதனைப் படித்துக் காட்டும் கணினியே. இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை; எண்களையே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதை எழுத்துரு காட்டுகிறது. அக்காலக் கணினிகளில் ஓர் எழுத்துருவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதியில் ஆங்கிலம் முன்னமே குடியேறியிருந்தது. தமிழைத் திரையில் காண விழைந்தோர்க்கு இரு வழிகள் இருந்தன: ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்துவது, அல்லது இரண்டாம் பாதியில் இடம் தேடுவது. பாமினி எழுத்துரு முதல் வழியைக் கொண்டது. தட்டச்சுப் பொறியில் தகரம் எந்த விசையில் இருந்ததோ அதே விசைக்குரிய ஆங்கில எழுத்தின் இடத்தில் தகரம் அமர்ந்தது. தட்டச்சுப் பயின்றவர்க்கு அது பெருவசதி. ஆயின் பாமினி நிறுவப்படாத கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக்கோவையே.

ஒவ்வோர் எழுத்துருவாக்குநரும் தத்தம் வசதிப்படி இடங்களை வகுத்தமையால் ஒருவர் கோப்பு மற்றவர்க்குத் திறவாப் பூட்டாயிற்று. இதற்காக அம்முன்னோடிகளைக் குறைகூறுவது நன்றியன்று. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும், சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் கணியனும் இல்லையெனில், நம் இரு நாடுகளிலும் தமிழ் திரையேறப் பல்லாண்டுகள் பிந்தியிருக்கும்.

பூட்டுகள் பெருகியதை முதலில் உணர்ந்தோரும் அவர்களே. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாடு தமிழ்நெட் 99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் முன்வைத்தது. இணையவழி உரையாடி வந்த அறிஞர்கள் டிஸ்கி என்னும் குறியாக்கத்தை வகுத்தனர். 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. கோவிந்தசாமி அதனைக் காணவில்லை, 1999இலேயே மறைந்தார். ஒரு தரத்தை நாடிய முயற்சியில் தரங்களே சில முளைத்தன என்பது இவ்வரலாற்றின் நகைமுரண்.

இதற்கிடையே ஒருங்குறி 1991 முதலே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கியிருந்தது. உலக எழுத்துமுறைகள் யாவற்றுக்கும் வெவ்வேறு எண்கள் என்பது அதன் கொள்கை. தமிழ் எண்ணும் ஆங்கில எண்ணும் மோதிக்கொள்ளா. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தபின்னரே அது பொதுமக்கள் கைக்கு எட்டியது. தமிழ்நாட்டரசு அதனை 2010இல் முறையாக ஏற்றது. புதிய கணினி தமிழைத் தானே அறிந்தது. பழைய எழுத்துருவை எவரும் கொண்டுசென்று நிறுவவில்லை. பள்ளியில் நேர்ந்ததும் இதுவே.

அப்படியாயின் எழுத்துருவைத் தேடி நிறுவினால் போதாதா? படிப்பதற்குப் போதும். தேடவும் பகிரவும் வேண்டின் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிகள் பல கிடைக்கின்றன. அங்கேதான் புதிய இடர் தொடங்குகிறது. ஆசிரியர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம்.

பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். ஒருங்குறியிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். மாற்றி இவ்வரிசையைத் திருப்பவேண்டும். ஔகாரத்தின் வலப்புறக் குறியும் ளகரமும் பழைய எழுத்துருவில் ஒரே எண். ஆகவே ‘வெளியீடு’ என்னும் சொல்லைக் காணும் மாற்றி, கொம்பும் வகரமும் ளகரமும் சேர்ந்து ‘வௌ’ எனக் கொண்டு, இகரக்குறியை அநாதையாக விட்டுவிடும். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றாத இப்பிழையால் ‘வெளியீடு’ என்று தேடுவோர்க்கு அந்நூல் அகப்படாது. ‘வெள்ளி’, ‘வெள்ளம்’ முதலியனவும் இவ்வாறே சிதையும்.

மற்றொன்று இன்னும் வேடிக்கையானது. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்குவது ஆங்கிலச் சொற்செயலிகளின் வழக்கம். பாமினியில் சிற்றெழுத்து ஜே தகரம். பேரெழுத்து ஜே ‘து’. எனவே, தட்டச்சிட்டவர் கவனியாதபோது, வாக்கியத் தொடக்கத்துத் ‘தமிழ்’ ‘துமிழ்’ ஆயிற்று! மாணவர் பிழையென நாம் சிவப்பு மையால் சுழித்தவற்றுள் எத்தனை இவ்வாறு பிறந்தனவோ.

அப்பள்ளியில் நாம் கையாண்ட முறையைச் சொல்கிறோம். மூலக்கோப்பை ஒருபோதும் தொடவில்லை, படியையே மாற்றினோம். கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிவாகியிருந்தவை எளிதில் இணங்கின. பெயரற்ற வெற்றுரைக் கோப்புகளில் முதல் வரியை ஊகித்தோம்: ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றின் பாமினி போன்றதொன்று, ஒலிக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாய்த் தோன்றின் டிஸ்கி அல்லது டாப். மாற்றியபின் ‘வௌ’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினோம். பிழை திருத்த இரண்டு மாணவர்கள் அமர்ந்தனர். எண்களுக்கும் எழுத்துகளுக்கும் உள்ள உறவை எந்தப் பாடநூலையும்விட விரைவாக அவர்கள் கற்றுக்கொண்டனர்.

மூன்று கோப்புகள் மட்டும் எம்மாற்றிக்கும் வசப்படவில்லை. அவற்றுள் ஒன்று பள்ளி அரங்கேற்றிய நாடகம் என்பது கோப்பின் பெயரால் தெரிந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதன் அச்சுப்படியைத் தம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். தாள் மஞ்சளேறியிருந்தது, எழுத்துகள் தெளிவாக இருந்தன. மாணவர்கள் அதனை மீண்டும் தட்டச்சிட்டனர். மற்ற இரண்டும் இன்னும் அவ்வன்தட்டில் இருக்கின்றன. அழிக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டுள்ளோம்.